மில்லிங் மெஷின் பெஞ்சும் கூண்டும்: அறிகுறியைப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

நாச்சியார்கோயில் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஒரு சிறிய மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவி வடிவம் கொடுப்பது) வைத்திருக்கிறேன். எடை ஏறத்தாழ 160 கிலோ, சிங்கிள் பேஸ், 1 எச்.பி. மோட்டார். குத்துவிளக்குப் பட்டறைகளுக்கு வேண்டிய பித்தளை உருப்படி, அச்சு, பம்ப்செட் சாமான் என்று வருவதையெல்லாம் செய்வேன். அது நிற்கும் பெஞ்சையும், சீவல் வெளியே தெறிக்காமல் மெஷினைச் சுற்றி மூடும் கூண்டையும் நானே செய்தேன். மூன்று முறை பிரித்துக் கட்டியிருக்கிறேன். அப்புறம் திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் நண்பர்கள் வீட்டில் இருக்கும் மெஷின்களுக்கும் போய்ப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று கூப்பிடுவார்கள். போனால் பெரும்பாலும் பெஞ்சு, தரை, கூண்டு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் மெஷினைத் திறக்கும் முன் அதன் கீழே குனிந்து பாருங்கள்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். கை உள்ளே போகும் எந்தச் சோதனைக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

## மெஷினையோ கூண்டையோ தொட்டால் ஷாக் அடிக்கிறது

இதில் நீங்களே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பிளக்கை எடுத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவது. "லேசாகத்தான் சுள்ளென்கிறது" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். ஈரத்தரையில் கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் எண்ணெய் கலந்த தண்ணீர்) நனைந்த கையோடு நிற்கிறீர்கள். இரும்புக் கூண்டுக்கும் பெஞ்சுக்கும் மெஷினுக்கும் தனித்தனியாக எர்த் வயர் போயிருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். கோடையில் நம் களிமண் வெடித்து எர்த் குழாயை விட்டு விலகிவிடும். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். சித்திரை, வைகாசியில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடாதீர்கள்.

## வெட்டும்போது அதிர்கிறது, வேலையின் மேல் வரி வரியாகத் தடம் விழுகிறது

முதலில் கட்டரை மாற்றிப் பாருங்கள். மழுங்கிய எண்ட் மில்லும் (மெஷினில் மாட்டும் கட்டர் வகை), தேவைக்கு மேல் நீட்டிப் பிடித்த எண்ட் மில்லும் பாறை மேல் வைத்த மெஷினையும் அதிர வைக்கும். புதுக் கட்டரைக் கட்டையாகப் பிடித்த பிறகும் தடம் விழுந்தால், ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து, மெஷின் மேல் வைக்காமல் பெஞ்சின் மேற்பலகையில் வையுங்கள். இனி தண்ணீரைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

### வெட்டாமல் சும்மா சுற்றும்போதே தண்ணீர் நடுங்குகிறது

ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு பத்திரிகைத் தாளைச் செருகிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் தாள் சுலபமாக உள்ளே போனால், அந்தக் கால் அந்தரத்தில் நிற்கிறது. நான்கு கால் பெஞ்சுக்கு இது பிறவிக் குறை மாதிரி. தகடு வெட்டிச் சொருகுவதைவிட, ஒவ்வொரு காலிலும் ஒரு நட்டை வெல்டு செய்து 16 மி.மீ. போல்ட்டைத் தலைகீழாகப் போட்டால், வேண்டியபோது ஸ்பானரால் ஏற்றி இறக்கலாம். போல்ட் தலையின் கீழே ஒரு கனத்த இரும்புத் தகடு வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்ட் தரையில் குழி விழும். தடித்த மெத்தென்ற ரப்பரை வைக்காதீர்கள். சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் மெஷின் தொட்டில் போல ஆடும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கி, கூட்டினாலும் குறைத்தாலும் நின்றுவிட்டால், அந்த வேகம் பெஞ்சின் சொந்த ஆட்டத்தோடு ஒத்துப்போகிறது. இப்போதைக்கு அந்த வேகத்தை விட்டு ஓட்டுங்கள். நிரந்தரத் தீர்வு அடுத்த தலைப்பில் இருக்கிறது. எல்லா வேகத்திலும் நடுங்கினால் பெல்ட்டையும் புல்லியையும் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டியும் நடுக்கம் இருந்தால் மோட்டார் பேரிங். அது ரீவைண்டிங் கடைக்குப் போக வேண்டிய வேலை.

### வெட்டும்போது மட்டும் தண்ணீர் நடுங்குகிறது

மெஷினைப் பெஞ்சோடு பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். மேற்பலகை பிளைவுட் என்றால் மூன்று நான்கு மாதத்தில் போல்ட்டுக்கு அடியில் மரம் அமுங்கிப் பிடி தளர்ந்திருக்கும். சாதாரண வாஷர் போதாது. 50 மி.மீ. சதுரமும் 6 மி.மீ. கனமும் உள்ள தகட்டில் ஓட்டை போட்டு அடியில் கொடுங்கள்.

அடுத்து, தள்ளிப் பார்க்கும் சோதனை. டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) மெஷினிலோ பெஞ்சிலோ மாட்டாமல், தனியே சுவரிலோ கனமான வேறு இரும்பிலோ மாட்டி, முனையைப் பெஞ்சின் மேல்விளிம்பில் தொட வையுங்கள். பெஞ்சை ஒரு கையால் பக்கவாட்டில் தள்ளுங்கள், அப்புறம் முன்னும் பின்னும் தள்ளுங்கள். முள் எந்தத் திசையில் அதிகம் ஓடுகிறதோ அந்தத் திசையில் குறுக்குக் கட்டு இல்லை. என் முதல் பெஞ்சு 50×50×3 மி.மீ. சதுரக் குழாயில் செய்தது. மேலே 2 டன் ஏற்றினாலும் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஒரு விரலுக்கே அசைந்தது. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் 40 மி.மீ. ஆங்கிளை மூலைவிட்டமாக வைத்து வெல்டு செய்ததும் முள் நின்றுவிட்டது. முன்பக்கம் கால் நீட்ட இடம் வேண்டும் என்பதால் அங்கே மூலைகளில் முக்கோணத் தகடு மட்டும் போடுங்கள். என் அனுபவத்தில் குழாயின் கனத்தைக் கூட்டுவதைவிட இந்த மூலைவிட்டம் பல மடங்கு பயன் தரும்.

அதற்கும் அடங்காவிட்டால் எடை சேர்க்க வேண்டும். கீழ்த்தட்டில் நாலைந்து மணல் மூட்டை வைப்பது சுலபம். இன்னும் நல்லது, கால் குழாய்களுக்குள் மணலை நிரப்புவது. மேலே சொன்ன குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ மணல் பிடிக்கும். எடை கூடுவதைவிட, குழாயின் கணகண ஒலி செத்துப்போவதுதான் இதில் பெரிய லாபம். மணலைச் சலித்து, கழுவி, நாலு நாள் வெயிலில் காயவைத்து, கடைசியில் இரும்புச் சட்டியில் வறுத்துப் போடுங்கள். ஈர மணல் குழாயை உள்ளிருந்தே தின்றுவிடும். இன்னொன்று, உயிர் போகிற விஷயம்: மணல் நிரப்பி இரண்டு பக்கமும் அடைத்த குழாயில் பிறகு வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிக் குழாய் வெடிக்கும். எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகு மணலைப் போட்டு, ரப்பர் மூடியால் அடையுங்கள்.

### தண்ணீர் அசையவில்லை, தடம் மட்டும் விழுகிறது

பெஞ்சு நிரபராதி. அந்த வெட்டில் நகர்த்தாத திசையின் ஸ்லைடைப் பூட்டினீர்களா, கட்டர் பிடியை மேலிழுத்து இறுக்கும் டிரா பார் இறுகியிருக்கிறதா, வேலையைக் கவ்வும் வைஸ் டேபிளின் மேல் அசைகிறதா, ஸ்லைடுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் ஜிப் தளர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பிண்டிலை (கட்டரைச் சுழற்றும் தண்டு) கையால் பிடித்து ஆட்டும்போது டயல் கேஜ் முள் நகர்ந்தால் ஸ்பிண்டில் பேரிங். அதைக் கழற்றிய அனுபவம் இல்லாதவர்கள் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

## மெஷினின் தலையை (ஸ்பிண்டில் இருக்கும் மேல்பாகம்) நேராக வைத்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் விலகிவிடுகிறது

டெல்டாவில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஆற்றில் தண்ணீர் வந்து வயலில் நின்றதும் நம் களிமண் ஊதும். வைகாசி வெயிலில் கை நுழையும் அளவு வெடிக்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் தள்ளித் திறந்தாலும், அந்த ஈரம் எங்கள் கொட்டகைத் தரைக்கு வந்து சேர்வதை ரசமட்டத்தில் பார்க்கலாம். ஐப்பசி மழைக்குப் பிறகு இன்னொரு முறை மாறும்.

ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை இரண்டு அளவு எழுதுங்கள்: டேபிள் மேல் ரசமட்டம் காட்டுவது ஒன்று, ஸ்பிண்டிலில் டயல் கேஜ் மாட்டி டேபிளைச் சுற்றி வந்தால் வரும் வித்தியாசம் ஒன்று. ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

### ரசமட்டம் மாறுகிறது, டயல் கேஜ் மாறவில்லை

தரை சாய்கிறது, மெஷின் முறுக்கிக்கொள்ளவில்லை. மில்லிங்குக்கு மட்டம் அவ்வளவு முக்கியமில்லை. கூலண்ட் வடிகால் பக்கம் ஓடுகிற வரைக்கும் விட்டுவிடலாம். கால் போல்ட்டுகளைத் திருகிச் சரி செய்வது பத்து நிமிட வேலை.

### இரண்டும் மாறுகின்றன

பெஞ்சு முறுகி, அதனோடு மெஷினின் அடிப்பாகத்தையும் முறுக்குகிறது. டயல் கேஜை அடிப்பாகத்தின் ஒரு மூலையில் தொட வைத்து, அந்த மூலையின் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். மூலை எழும்பினால், போல்ட் அதைப் பள்ளத்துக்குள் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு எழும்புகிறதோ அந்தக் கனத்துக்கு ஷிம் (இடுக்கில் செருகும் மெல்லிய தகடு) கொடுத்துவிட்டு இறுக்குங்கள். இப்படி நான்கு மூலையும். ஷிம்முக்குப் பித்தளைத் தகடு நல்லது. காலிக் குளிர்பான டப்பாவின் பக்கத் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும், அதையும் வெட்டிப் போடலாம். காகித அட்டை வேண்டாம், எண்ணெயில் ஊறி அமுங்கிவிடும்.

மேற்பலகையை மாற்றுவது அடுத்த கட்டம். பிளைவுட்டுக்குப் பதில் 12 மி.மீ. இரும்புத் தகடு போட்டேன். ஷிம் மாற்றும் வேலை வெகுவாகக் குறைந்தது. கடப்பாக் கல்லைச் சிலர் கேட்கிறார்கள். எடை நல்லதுதான், ஆனால் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விண்டுபோகும். கல்தான் வேண்டும் என்றால் கல்லில் போல்ட்டைப் பிடிக்காமல், கீழே உள்ள இரும்புச் சட்டத்தில் பிடியுங்கள்.

### ஷிம் கொடுத்தும் ஒவ்வொரு பருவத்திலும் திரும்ப வருகிறது

இனி தரைதான். மெஷின் நிற்கும் இடத்தில் மட்டும் பழைய தரையை வெட்டி, களிமண்ணை எடுத்து மணல் போட்டு இடித்து, 150 மி.மீ. கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போடுவதே தீர்வு. அந்தப் பலகை சுவரோடும் மற்றத் தரையோடும் ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும். சுற்றிலும் தெர்மாகோல் பட்டை வைத்து இடைவெளி விடுங்கள். இதற்கு மேஸ்திரி வேண்டும். குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டச் சொல்லுங்கள். மெஷினை ஏற்ற 28 நாள் பொறுத்தால் நல்லது. கொட்டகைச் சுவரிலேயே விரிசல் வந்து வருடா வருடம் விரிகிறது என்றால் மெஷினை மறந்துவிட்டு முதலில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

## கூண்டு போட்ட பிறகு துரு அதிகமாகிவிட்டது

கூண்டு சீவலை வெளியே விடாமல் தடுக்கும். அதே கூண்டு ஈரத்தையும் வெளியே விடாது. துரு எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

### விரல் பட்ட இடத்தில் மட்டும்

கை வியர்வை. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். 68 கிரேடு ஸ்லைடு ஆயில் போதும்.

### மூட்டுகளின் ஓரமாகக் கோடு போல

சீலண்ட் காரணமாக இருக்கலாம். பூசும்போது வினிகர் போலப் புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான், காயும் வரை அமிலத்தை வெளியே விடும். மூடிய கூண்டுக்குள் அந்த ஆவி இரும்பிலும் செம்பு வயரிலும் போய்ப் படியும். வாடை அடிக்காத நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். பழையதைப் பூசி முடித்துவிட்டீர்கள் என்றால், வாடை முழுதும் போகும் வரை ஒரு வாரம் கதவைத் திறந்தே வைத்து, மெஷினுக்குத் தாராளமாக எண்ணெய் பூசுங்கள்.

### கூலண்ட் பட்ட இடத்தில் மட்டும்

தண்ணீரைப் பாருங்கள். கடலோரப் பக்கத்து உப்பு போர்த் தண்ணீரில் கலந்தால் கூலண்ட் திரிந்து, எண்ணெய் தனியாக மேலே மிதக்கும். மழைத்தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கலக்குங்கள். தண்ணீரை முதலில் எடுத்து அதில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சரியாகக் கலக்காது. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் விட்டுச் சிக்கனம் பிடித்தாலும் துரு வரும். பொங்கல் லீவு முடிந்து திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்தால் அந்தக் கூலண்டைக் காப்பாற்ற முயலாமல், தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் புதிது கலக்குங்கள். பழையதை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது வயலுக்குப் போகிற தண்ணீர்.

பித்தளை வேலைக்குக் கூலண்டே தேவையில்லை. உலர்வாகவே நன்றாக வெட்டும். நான் மாதத்தில் பாதி நாள் தொட்டியை மூடியே வைக்கிறேன்.

### எல்லாப் பரப்பிலும் செம்மண் தூவியது போல

இது காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழி விடியலிலும் மெஷினின் இரும்பு குளிர்ந்து கிடக்கும். வெயில் ஏறி ஈரக்காற்று உள்ளே வந்ததும் குளிர்ந்த இரும்பில் நீர் கோத்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு டேபிளைக் கைவிரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் நனைந்தால் அதுதான்.

முதலில், கூலண்ட் தொட்டியைக் கூண்டுக்கு வெளியே எடுங்கள், அல்லது மூடி போடுங்கள். அடுத்து, கூண்டின் கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் உள்ளங்கை அளவு ஓட்டை வெட்டி, வலை அடித்து, வெளிப்பக்கம் மழை படாத மறைப்புக் கொடுங்கள். மூன்றாவதாக, கம்பி மறைப்புக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பை மெஷினின் அடிப்பாகத்துக்கு அருகே மாட்டி மழைக்காலம் முழுதும் இரவில் எரிய விடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, நமக்கு வேண்டியது வெளிச்சமில்லை, சூடு. சுற்றியிருக்கும் காற்றைவிட இரும்பு இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தாலே நீர் கோக்காது. பல்புக்கு அருகில் எண்ணெய்த் துணியோ பிளாஸ்டிக் தகடோ இருக்கக் கூடாது.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவது மோசமான வழி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது வேதாரண்யம் பக்கத்து நண்பர் அப்படித்தான் கட்டி வைத்தார். பிரித்தபோது மூடாத வைஸைவிட மூடிய டேபிளில் துரு அதிகம். மூடத்தான் வேண்டும் என்றால் பருத்தித் துணியால் மூடி, அடியில் காற்றுப் போக விடுங்கள்.

ஸ்லைடுகளில் குழி விழும் அளவுக்குத் துரு ஏறிவிட்டால் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அளவு போய்விடும். ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டி மட்டமாக்குவது) தெரிந்தவரிடம்தான் காட்ட வேண்டும்.

## கூண்டிலிருந்து கூலண்ட் தரைக்கு ஒழுகுகிறது

சீலண்டை எடுக்கும் முன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படியும்; தண்ணீர் தானாக இறங்கிப் போகும். கூண்டிலும் மேல்தகட்டின் அடிவிளிம்பு, கீழே கூலண்டைப் பிடிக்கும் தட்டின் உள்பக்கம் இறங்க வேண்டும். வெளிப்பக்கம் இறங்கினால் எத்தனை டியூப் சீலண்ட் பூசினாலும் ஒருநாள் ஒழுகும்.

அது சரியாக இருந்தால், மூட்டுகளின் வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். கசியும் இடத்தில் வெள்ளை கருக்கும். பெரும்பாலும் தட்டின் நான்கு மூலையில் ஒன்றாகவோ போல்ட் ஓட்டையாகவோ இருக்கும். தட்டு வடிகால் பக்கம் சரியாகச் சாயாவிட்டாலும், சீவல் வடிகாலை அடைத்துக்கொண்டாலும் மட்டம் ஏறி வழியும். வடிகால் மேல் வலைக்கூடை வையுங்கள். மூலை வெடித்திருந்தால் தகரப் பட்டறையில் கொடுத்து ஒரே தகட்டில் மடக்கிச் செய்யச் சொல்வதே கடைசி வழி.

## கூண்டு தமுக்குப் போல முழங்குகிறது

ஓடும்போது வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தகட்டையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். எதை அழுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அந்தத் தகட்டின் நடுவில், கார்களுக்கு ஒட்டும் தார் ஷீட்டை ஒட்டுங்கள். கூண்டு மெஷினை எங்கும் தொடக் கூடாது. பெஞ்சோடு பிடிக்கும் இடங்களில் ரப்பர் வாஷர் போடுங்கள்.

## கதவின் கண்ணாடித் தகடு மங்குகிறது, நூல் நூலாக வெடிக்கிறது

சீவல் கீறியதால் மங்கினால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மங்கியதும் தாளை மாற்றுங்கள். நூல் வெடிப்பு என்றால் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்திருப்பீர்கள். சோப்புத் தண்ணீர் மட்டும்தான் போட வேண்டும். தகடு அக்ரிலிக் என்றால் வெடிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே பாலிகார்பனேட்டுக்கு மாற்றுங்கள். உடைந்த கட்டர் துண்டு பட்டால் அது சில்லாகச் சிதறி முகத்துக்கு வரும். பாலிகார்பனேட் அடியை வாங்கி உள்குழியும். அதுவும் கூலண்ட் பட்டுப் பட்டு வருடங்களில் பலம் இழக்கும் என்பதால், மஞ்சளித்ததும் புதிது போடுங்கள். உள்ளே ஓடும்போது கதவு மூடியிருந்தாலும் கண்ணாடி அணியுங்கள்.

## பாதி வேலையில் மோட்டார் நின்றுவிடுகிறது, பியூஸ் போகிறது

### மாலை வேளையில் மட்டும்

மல்டிமீட்டரை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் பாயிண்டில் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் ஊரில் 190 காட்டிய நாட்கள் உண்டு. மெயின் போர்டிலும் அதே அளவு என்றால் லைனில்தான் குறை. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவரை காலையில் வேலை பாருங்கள். போர்டில் சரியாக இருந்து கொட்டகையில் மட்டும் குறைந்தால் நடுவில் போகும் வயர் மெல்லியது. அதை எலக்ட்ரீசியன் மாற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்டெபிலைசர் வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள்.

### அரைமணி ஓடிய பிறகு

சூடு. கன்ட்ரோல் பெட்டியைக் கூண்டுக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து மாட்டுங்கள். மோட்டாரின் காற்று வழியைச் சீவல் அடைத்திருக்கும், பிளக்கை எடுத்துவிட்டுப் பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள். ஏர் அடித்தால் தூள் இன்னும் உள்ளே போகும்.

### எந்த நேரம் என்று சொல்ல முடியாமல்

பித்தளை வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பித்தளைச் சீவல் ஊசி ஊசியாகத் தெறிக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். கன்ட்ரோல் பெட்டியின் மூடி இடுக்கில் ஒன்று நுழைந்தாலும் போர்டு எரியும். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள், ஒயர் நுழையும் ஓட்டைகளுக்கு கிளாண்ட் (ஒயரை இறுகப் பிடித்து இடுக்கை மூடும் மூடி) போடுங்கள். போர்டில் கருகிய வாடை வந்தால் பெரிய பியூஸாக மாற்றி ஓட்டிப் பார்க்காமல் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## மரப்பலகை உப்புகிறது, தூளாக உதிர்கிறது, ஒயர் கடிபட்டிருக்கிறது

உப்பினால் கூலண்ட் விளிம்பு வழியாக ஊறியிருக்கிறது. விளிம்புகளில் இரண்டு மூன்று கோட் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பீர்கள். தட்டினால் பொத்தென்று ஒலித்து, மண்பாதை தெரிந்தால் கறையான். பலகையை மாற்றுவதோடு நிற்காமல் பெஞ்சைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், மண்பாதை வந்தால் கண்ணில் படும். தரை முழுதும் பரவியிருந்தால் மருந்து அடிப்பவரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

ஒயர் கடிக்கு எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் வீட்டுப் பக்கம் வரும். பெஞ்சின் அடித்தட்டும் குண்டு பல்புச் சூடும் அதற்குச் சொர்க்கம். காற்று ஓட்டைகளில் கொசுவலை போட்டால் ஒரே இரவில் கடித்துவிடும். 6 மி.மீ. கண் உள்ள இரும்பு வலை போடுங்கள், ஒயர்களை இரும்புக் குழாய்க்குள் ஓட்டுங்கள். தை மாதத்தில் ஒருநாள் ஒயர்களை முழுநீளமும் கையால் தடவிப் பாருங்கள், பிளக்கை எடுத்துவிட்டு.